பெண் படிப்பும் வீட்டுக் கணக்கும்

கோவில்பட்டிக் கரிசலில் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று இன்று எவரும் கூற இயலாது. ஆயினும் அவர்கள் எந்த வகுப்போடு நிறுத்தப்படுகின்றனர், எதன் பொருட்டு நிறுத்தப்படுகின்றனர் என்பதை அங்கத்தினர்களாகிய நாம் நம் வீடுகளிலேயே விசாரித்தறிய வேண்டியிருக்கிறது.

பழைய கதை நாம் அறியாததன்று. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். சோறு கிடைக்கவே பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். ஆனால் மானாவாரிக் காட்டை மட்டும் நம்பி வாழ முடியாத வீடுகள் தீப்பெட்டி ஆபீசை நம்பின. 1970, 1980-களில் விடியுமுன்னே வண்டி ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கட்டை அடுக்கிய கூலி அடுப்புக்கும், பல வீடுகளில் அண்ணன் தம்பியின் படிப்புக்கும் போயிற்று. 1986-இல் சட்டம் பிறந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், அபாயத் தொழிலில் சிறுவரை வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வண்டியேறும் பிள்ளைகள் படிப்படியாகக் குறைந்தனர்.

வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் தொடவில்லை. தறி வீட்டில் தார் சுற்ற ஒரு கை வேண்டும். மகளின் கையாதலால் அதற்குத் தனிக் கூலி கிடையாது. பருத்தி எடுப்பு மாசி பங்குனியில் வருகிறது. பொதுத் தேர்வும் அப்போதுதான். பெண் பெரியவளாகிச் சடங்கு முடிந்தால், பஸ் ஏறி அயலூர் போவானேன் என்று பாட்டிமார் கேட்கின்றனர். அதற்கும் மேலே ஒன்றுண்டு: அதிகம் படித்தவளுக்கு அவளினும் படித்த மாப்பிள்ளை வேண்டும், அவனுக்குத் தக்கபடி நகையும் ஏறும். இதை அறியாமை என்று ஏசுவோர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. இது கணக்கு, ஆனால் தப்பான கணக்கு.

மகளுக்கென்று சேர்த்த நகையை விதைக்கும் உரத்துக்கும் சங்கத்தில் ஈடு வைக்க நாம் தயங்குவதில்லை. அவளுடைய கல்லூரிக் கட்டணம் என்றால் மட்டும், கல்யாண நகையைத் தொடலாமா என்கிறோம்! அரசாங்கமே தன் கணக்கை மாற்றிக்கொண்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமணத்துக்கு வழங்கிவந்த உதவியை 2022-இல் திருப்பி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாக்கிற்று. கல்யாணப் பணம் படிப்புப் பணமாயிற்று. நம் வீட்டுப் பெட்டியில் அந்த மாற்றம் இன்னும் நிகழவில்லை.

தேர்வு எழுதும் பெண்ணைப் பங்குனியில் காட்டுக்கு அழைக்காதிருக்கத் தீர்மானம் ஏதும் வேண்டியதில்லை. தகப்பனார் சொன்னால் போதும். ஆனால் தார் சுற்றும் வேலைக்கு நெசவுக் கூலியில் எவ்வளவு பங்கு என்பதைத் தனியே குறிக்க வேண்டுமென்று நெசவாளர் சங்கத்தினரும், மகளின் படிப்புக்கென நகைக்கடன் கேட்போருக்கு முன்னுரிமை வேண்டுமென்று விவசாயச் சங்கத்தினரும் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டும். கேட்பவர் ஒருவராயினும் அது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகட்டும்.