நாம் பார்க்க மறந்த நம் வீடு



கோலாலம்பூருக்குப் போகும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். மாலை வாங்கிக்கொண்டு நடக்கையில் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளும் கண்ணில் பட்டிருக்கும். கொடியில் துணி காயும்; நடைபாதையில் பிள்ளைகள் ஓடுவார்கள்; இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் நம் வழியே போய்விடுவோம்.

அப்படிப் போகாமல் நின்று பார்த்தார் ஒருவர். சபாவைச் சேர்ந்த கிரிஸ் சோங் சான் ஃபூய் என்னும் கலைஞர் அவர். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் குடியிருந்த ஒரு பிரிக்ஃபீல்ட்ஸ் கட்டடத்துக்கு எதிரே, தொலைவில் கேமராவை நிறுத்தினார். அது அசையவே இல்லை. மனிதர்கள் எறும்பளவு தெரிகிறார்கள். பேச்சுக் குரலோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோலக் கேட்கிறது. பகல் போய் இரவு வருகிறது. அவ்வளவுதான் படம்! பெயர் 'பிளாக் பி'. சுமார் 20 நிமிடம் ஓடும் இந்தப் படத்துக்கு 2008-இல் டொரோண்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியக் குறும்படம் என்ற விருது கிடைத்தது. கனடாவோடும் தொடர்புள்ளவர் அவர்.

இத்தகைய கலைஞரின் வாழ்க்கை நாம் அறிந்த சினிமாக்காரரின் வாழ்க்கை அல்ல. சுவரொட்டி இல்லை, முதல் நாள் கூட்டம் இல்லை. படம் ஒரு விழாவில் ஓடும். பிறகு ஒரு கண்காட்சிக் கூடத்தின் சுவரில் ஓடும். ஏதாவது ஒரு கலை நிலையம் சில வாரமோ சில மாதமோ தங்க இடம் தந்து, 'இங்கிருந்து உன் வேலையைச் செய்' என்று அழைக்கும். அது முடிந்ததும் அடுத்த வாய்ப்பைத் தேட வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி கிடையாது. பிள்ளை இந்த வழியில் போகிறேன் என்றால் பெற்றவர் வயிறு கலங்குவது நியாயந்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் 2009-இல் எடுத்த முழுநீளப் படம் 'கராவோகே'. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஊருக்குத் திரும்பிவரும் ஓர் இளைஞனின் கதை. பிரான்சின் கான் நகரில், புகழ்பெற்ற 'இயக்குநர்களின் இருவாரம்' நிகழ்ச்சியில் அது திரையிடப்பட்டது. நாம் தினமும் குலை சுமக்கும் செம்பனைக் காட்டை, அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்!

நம் இனத்தவரான தீபக் குமரன் மேனனையும் சொல்ல வேண்டும். 2005-இல் அவர் எடுத்த தமிழ்ப் படம் 'செம்மண் சாலை'. 1960களில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பல்கலைக்கழகம் போக ஏங்கும் பால்வெட்டுக்காரர் மகளின் கதை. அது பிரான்சில் நாந்து நகரின் மூன்று கண்டங்கள் விழா வரை போய்ப் பரிசு பெற்றது. கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? தம் தாயின் தோட்டத்து நினைவுகளிலிருந்து. பிறகு 2007-இல் வந்த 'சலங்கை' பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை.

பார்த்தீர்களா? உலகம் சுற்றிய இந்தப் படங்களின் முதல் எல்லாம் நம் வாசலில் கிடந்ததுதான். "இதையெல்லாம் போய் யார் பார்ப்பார்கள்?" என்று நாமே நினைத்தவைதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயங்கள் இடிந்த இடத்தில் கடைவீடுகள் நிற்கின்றன. பெரட்டுக்கு மணி அடித்ததைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் கதைகளை எந்தக் கேமராவும் பிடிக்க முடியாது.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ கைத்தொலைபேசியில் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தால், "வேறு வேலை இல்லையா?" என்று அதட்டாதீர்கள். "போய்ப் பாட்டியைப் பேசச் சொல்லி எடு" என்று அனுப்புங்கள். பாட்டியும் "எனக்கென்ன தெரியும்?" என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள். முதன்முதல் பால்கத்தி பிடித்த நாளைக் கேளுங்கள்.

பிள்ளை கலைஞனாவானோ இல்லையோ, பாட்டியின் குரலாவது வீட்டில் மிஞ்சும்.