சொல்லிட்டுப் போங்க

செமஸ்டர் எக்ஸாம் முடியறதுக்குள்ளேயே உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிளான் ஓட ஆரம்பிச்சிருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினால் பச்சமலை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கொல்லிமலை. டென்ட் ரெடி, ஸ்பீக்கர் ரெடி, கேம்ப் ஃபயருக்கு விறகு அங்கேயே கிடைக்கும். "பெர்மிஷன் வேணாமா?" என்று ஒருத்தன் கேட்பான். "காடு என்ன யார் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பதில் வரும். கேட்டவன் கப்சிப்.

நான் அந்தக் கேட்டவன் பக்கம்.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து மலையேறப் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. அவர்களுக்குக் கொடுத்த அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்கு மட்டும்தான் என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். இறந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதலை. கூட்டிட்டுப் போனவங்களை நம்பிப் போனவங்க அவங்க. நாமளும் அப்படித்தானே போறோம்?

ஊரும் ரோடும் இருக்கிற மலைக்கு யார் வேணும்னாலும் போகலாம். ஆனா காப்புக்காட்டு எல்லை தொடங்கினா விஷயம் வேற. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சட்டத்தை விடுங்க. எந்தச் சரிவில் புல் காய்ஞ்சு கிடக்கு, யானை எந்தப் பக்கம் நிக்குது என்பதெல்லாம் வனக்காவலருக்கும் அந்த ஊர்க்காரங்களுக்கும்தான் தெரியும். நமக்குத் தெரிஞ்சது கூகுள் மேப். அதுவும் சிக்னல் இருக்கிற வரைக்கும்.

குரங்கணிக்குப் பிறகு அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங், வழிகாட்டியாக உள்ளூர் இளைஞர்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. சில பாதைகளுக்குக் கட்டணம் ஆயிரங்களில். ஹாஸ்டல் மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் பகல் நேர நடைதான், டென்ட் ஆசை நிறைவேறாது. மாணவர் பர்ஸுக்கு ஏத்த கட்டணம் வேணும்னு மனு எழுதுங்க, முதல் கையெழுத்து என்னோடது. ஆனா அதையே காரணமா வச்சு வேலி தாண்டாதீங்க.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குக் குளிக்கக் கிளம்பும் பசங்களைப் பார்த்து, "வீட்ல சொல்லிட்டுப் போங்கடா" என்று திண்ணையிலிருந்து ஒரு பாட்டி குரல் கொடுப்பாங்க. போகவிடாமல் தடுக்க இல்லை. நேரமாகியும் திரும்பலைன்னா எங்கே தேடணும்னு ஒருத்தருக்காவது தெரியணும், அதுக்குத்தான்.

பெர்மிட்டும் அதேதான். எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போ இறங்குவாங்க என்று கீழே ஒரு நோட்டில் இருக்கும். அடுத்த தடவை குரூப்பில் அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்க.