தாயகம் திரும்பியோர்

கப்பல் கரை சேர்ந்ததும் வந்தவர் வீடு சேர்ந்துவிட்டார் என்பது ஆட்சியாளர் கணக்கு. மாந்தர் வாழ்வோ அக்கணக்கிற்கு அடங்காது.

1948இல் கொண்டுவரப்பெற்ற சட்டத்தால் ஈழத்து மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் உடன்படிக்கை எழுதி, 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டாரல்லர்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டினர். அவருட் பலர் பிறந்ததே ஈழத்து மலைகளில்தான். பாட்டன் புறப்பட்ட ஊரில் அவர்கட்கு நிலமுமில்லை, உறவென்று அழைப்பாருமில்லை. வணிகஞ் செய்யத் தந்த கடன், வணிகமறியாக் கைகளிற் பலர்க்குக் கரைந்தது. எனவே, அறிந்த தொழிலை நாடி நீலமலை ஏறினர். 1968 முதல் அரசு அவர்கட்கென வளர்த்த தோட்டங்களில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே கிள்ளினர்.

அங்கே 'இந்தியத் தமிழர்' என ஒதுக்கப்பெற்றோர் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். சிங்கள ஆட்சி ஒதுக்கியது இனப்பகை எனில், தமிழர் ஒதுக்குவதற்குப் பெயர் என்ன? தலைமுறை பல கடந்தும் அம்மக்கள் இழவாது காத்துக் கொணர்ந்த உடைமை தமிழன்றோ? அத்தமிழ் வழங்கும் மண்ணில் அவரை அயலார் என்பது, தமிழர் தம் இனத்தைத் தாமே மறுப்பதாகும்.

குடியுரிமைத் தாளை அரசு தந்தது. குடியிருக்கச் சொந்த மனையும், கொள்வினை கொடுப்பினையும், ஊரவையில் சம இருக்கையும் தமிழ்மக்கள் தரவேண்டியவை. அவற்றைத் தருக! 'சிலோன்காரர்' என்னும் சொல் இம்மண்ணில் வழக்கொழியும் நாளில்தான் அவர் தாயகம் திரும்பியோர் ஆவர்.