பகடை விழுந்த பிறகு பேசும் சட்டம்

"விளையாட்டுத்தானே, இதற்குப் போய் இவ்வளவு வாக்குவாதமா?" என்று கேட்கிற கனவான்களுக்கு முதலிலேயே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு என்பதனால்தான் வாக்குவாதம். பிழைப்பில் அநியாயம் நடந்தால் நாம் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறோம். வாடகை, வட்டி, உத்தியோகம் என்று ஆயிரம் கட்டுகள் நம்மைப் பிடித்திருக்கின்றன. விளையாட்டில் மட்டும்தான் மனிதன் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தானே விரும்பி ஒரு சட்டத்துக்குத் தலை வணங்குகிறான். அங்கேயும் மோசம் நடந்தால் அவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வான்?

நான் சொல்ல வந்த விளையாட்டு, வாசகர்களில் பலர் கேள்விப்படாததாக இருக்கலாம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் மூன்று சிறு புத்தகங்களாக எழுதி வெளியிட்டது. மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன். "குகைக்குள் நுழைகிறேன்" என்றோ "கதவை உடைக்கிறேன்" என்றோ வாயால்தான் சொல்ல வேண்டும். நிச்சயமில்லாத காரியமாக இருந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும்.

போர் வந்துவிட்டால் மட்டும் கணக்கு கறாராகிவிடும். ஆளுக்கு ஒரு முறை வரும். அந்த முறைக்குள் இவ்வளவு தூரம் நகரலாம், இன்ன காரியம் செய்யலாம் என்று வரம்பு உண்டு. தாக்குகிறவர் இருபது முகமுள்ள பகடையை உருட்டித் தம் திறமை எண்ணைக் கூட்டிக்கொள்வார். எதிரியின் கவச எண்ணை அது எட்டினாலோ தாண்டினாலோ அடி விழுந்ததாக அர்த்தம். சில சந்தர்ப்பங்களில் தாக்குகிறவருக்குப் 'பாதகம்' உண்டு. அப்போது இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விஜயந்தா டாங்கி பிறந்த ஆவடிக்குப் பக்கத்தில், எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில், சனிக்கிழமை இரவுகளில் சில இளைஞர்கள் இந்தக் காகிதப் போரை நடத்துகிறார்கள். கதை எழுதுகிறவன் என்பதால் என்னையும் அழைத்து ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே நான் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

எதிரி ஒரு மாயாவி. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நின்று அடிக்கிறவன். நம் கட்சியில் ஒரு பெண், மறைந்திருப்பவரைக் காணும் மந்திரத்தைத் தன் மேல் ஏவிக்கொண்டாள். மாயாவி அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டான். அவள் முறை வந்தது, பகடையை உருட்டினாள், 17 விழுந்தது. மேஜையே ஆரவாரம் செய்தது. அதற்குப் பிறகுதான் கதை நடத்துகிற பையன் புத்தகத்தைப் புரட்டினான்.

"மறைந்திருப்பவனை அடிச்சா பாதகம்னு போட்டிருக்கு. இன்னொரு தடவை உருட்டு" என்றான்.

"எனக்குத்தான் அவன் தெரியறானே!"

"தெரியறான். ஆனா, மறைஞ்ச நிலை இன்னும் அவன் மேலதான் இருக்கு. தெரிஞ்சா பாதகம் கிடையாதுன்னு எங்கேயும் எழுதலையே?"

இரண்டாவது பகடையில் 4 விழுந்தது. அடி வீண். மாயாவி சிரித்துக்கொண்டே தப்பிப் போனான். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?" என்றாள். நள்ளிரவு வரை நடந்த வாதத்தில் இரண்டு கட்சிகள் உருவாயின. இரண்டையும் மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதல் கட்சி எழுத்துக் கட்சி. "புத்தகத்தில் உள்ளதுதான் சட்டம், இல்லாதது இல்லை" என்பது அவர்கள் கோஷம். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைந்த நிலைக்கான விதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. எதிரே நிற்பவனைப் பட்டப்பகல்போல் பார்க்கிறவளும் குருடியைப்போல் வாள் வீச வேண்டும் என்ற விபரீதத்துக்கு அந்த வாசகம் இடம் கொடுத்தது. 2024-ல் வந்த திருத்தப் பதிப்பில், பார்க்க முடிந்தவர்களிடம் அந்தச் சலுகை செல்லாது என்று தெளிவாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள். பத்து ஆண்டுகளில் திருத்தம் காணுகிற ஒன்றை வேதமென்று நெஞ்சில் அடித்துக்கொள்வது பக்தியா, சோம்பலா?

எழுத்துக் கட்சியின் தோல்வி இன்று நேற்று நடந்ததும் அல்ல. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்துவதும் பகடையாலும் அட்டவணைகளாலும் சேதத்தைக் கணக்கிடுவதுமாக அது நடந்தது. அதிகாரிகளுக்குப் பயிற்சி தர அது உதவியது. ஆனால் விதிகள் பெருகப் பெருக, போரை விட்டுவிட்டு அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற படைத்தலைவர், அனுபவமுள்ள நடுவர் ஒருவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். உலகத்துச் சண்டைகளையெல்லாம் ஒரு புத்தகத்துக்குள் அடைக்க முடியாது என்பது போரையே தொழிலாகக் கொண்டவர்கள் கண்ட உண்மை. நம் பிள்ளைகள் அதை மறுபடியும் நள்ளிரவில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கட்சி இஷ்டக் கட்சி. இது இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் இனிக்கப் பேசுகிறது. "விதியா முக்கியம்? கதைதான் முக்கியம். மாயாவி இப்போதே செத்துவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கதை ஏது? நல்ல கதைக்காக நடத்துகிறவர் பகடையைக் கொஞ்சம் வளைத்தால் என்ன?" என்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, ஆதரவு தேடி என் முகத்தைப் பார்த்தார்கள். நாவலாசிரியன் கதையின் பக்கம்தானே நிற்பான் என்ற நம்பிக்கை!

நான் நிற்கவில்லை. என் நாவலில் ஒருவனைக் கொல்லவும் பிழைக்க வைக்கவும் எனக்கு முழு உரிமை உண்டு. காரணம், அங்கே நான் ஒருவன்தான் எழுதுகிறேன். வாசகர் என்னோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொண்டு பகடை உருட்டவில்லை. அந்த மேஜையிலோ ஐந்து பேர் கூடி எழுதுகிறார்கள். ஆறாவது ஆசிரியர் பகடை. எல்லோரும் ஒப்புக்கொண்டு அழைத்த அந்த ஆறாவது ஆசிரியரின் கையெழுத்தை, ஒருவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் அழித்து எழுதினால் அதற்குப் பெயர் கற்பனையா? எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர் உண்டு. தோற்றிருக்க வேண்டிய இடத்தில் தயவால் ஜெயித்தவனுடைய வெற்றி செல்லாக்காசு. உண்மை தெரிந்த நாளில் அதற்கு முந்தைய வெற்றிகளும் செல்லாக்காசாகிவிடும். மாயாவி அந்த அடியில் செத்திருந்தால் அடுத்த வாரத்துக்குக் கதை இல்லாமல் போகாது. யாருமே திட்டமிடாத ஒரு கதை கிடைத்திருக்கும். அதற்காகத்தானே பகடையை மேஜைக்கு அழைத்தோம்?

அப்படியானால் நியாயம் எங்கே இருக்கிறது? எந்த வியாக்கியானம் சரி என்பதைவிட, அதை எப்போது சொன்னார்கள் என்பதே பெரிய கேள்வி. அந்தப் பையன் பகடை உருளுவதற்கு முன்பே, "இவனை அடிக்கப் பாதகம் உண்டு, தெரிந்துகொள்" என்று சொல்லியிருந்தால், அந்த விதி அசட்டு விதியாகவே இருக்கட்டும், அவள் வேறு வழி யோசித்திருப்பாள். வாளை உறையில் போட்டுவிட்டு வலையை எடுத்திருப்பாள். பகடை விழுவதற்கு முன் சொன்ன வியாக்கியானம் சட்டம். விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்ன வியாக்கியானம், எத்தனை நியாயமானதாக இருந்தாலும், சந்தேகத்துக்குரியது. சொன்னவருக்கே தெரியாது, தம்மைப் பேச வைத்தது நியாயமா அல்லது அந்த 17-ஆ என்று.

இதைப் பிரஷ்யாவில் போய்க் கற்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் தாயம் ஆடிய பாட்டிமார்களுக்கு இது தெரியும். இரண்டு பித்தளைக் கட்டைகள், தரையில் சாக்குக்கட்டியால் கீறிய கட்டங்கள், புளியங்கொட்டையோ சோழியோ காய்கள். புத்தகம் கிடையாது. வெட்டும் விதி வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் எதிரியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம். இன்னொரு வீட்டில் அந்த நிபந்தனையே இல்லை. ஆகையால் புதிதாக ஒருத்தி ஆட வந்து உட்கார்ந்தால், கட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் அவள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டில எப்படி? வெட்டு இல்லாம உள்ளே போகலாமா?" என்பதுதான். பதில் எதுவானாலும் சரி, அன்றைக்கு அதுவே சட்டம். காய் வெட்டுப்பட்ட பிறகு, "எங்க வீட்டில இந்தக் கட்டத்தில வெட்டக் கூடாது" என்று ஆரம்பிக்கிறவளுக்கு அந்தத் திண்ணையில் என்ன பட்டம் கிடைக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பாரதப் போருக்கு முன்னாலும் இரு தரப்பாரும் கூடி விதி செய்துகொண்டார்கள். தேரோடு தேரும் யானையோடு யானையும் பொருத வேண்டும். ஆயுதம் இழந்தவனையும் புறங்காட்டி ஓடுகிறவனையும் தாக்கலாகாது. பிறகு பதினெட்டு நாளும் நடந்தது என்ன? விதி ஒவ்வொன்றாக உடைந்தது. உடைந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வியாக்கியானம் வந்தது. கடைசியில் கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்ற விதியை மீறிப் பீமன் துரியோதனன் தொடையைப் பிளந்தான். வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துகிறார்களே, அந்தத் தொடைதான். பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பீமனுடைய சபதம், சபையில் நடந்த அவமானம் என்று கண்ணன் காரணங்களை அடுக்கினான். அத்தனையும் உண்மை. ஆனால் அத்தனையும் சண்டை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்தவை. அப்போது வாய் திறக்காத நியாயம், தொடை முறிந்த பிறகு திறந்தது. பலராமன் சமாதானமாகாமலே துவாரகைக்குப் போனதில் ஆச்சரியம் என்ன?

உடனே என்னை மடக்குவதற்கு ஒருவர் வருவார். "திரௌபதியும் பகடை விழுந்த பிறகுதானே கேள்வி கேட்டாள்? தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா என்று அவள் சட்டம் பேசியது தப்பா?" என்பார். தப்பே இல்லை. அவள் அந்த ஆட்டத்தில் உட்கார்ந்தவள் அல்ல. அவளைக் கேட்டு யாரும் விதி செய்யவில்லை. தன்னையே இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்ற கேள்வியை, பகடை உருளுவதற்கு முன் சபையிலிருந்த பெரியவர்கள் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. பிற்பாடு அவள் கேட்டபோதும், தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் தடுமாறினார். அவள் ஜெயிக்கப்பட்டவள் அல்லள் என்று துணிந்து சொல்ல, கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் வேண்டியிருந்தான். விதியை முன்கூட்டி அறியாதவருக்குப் பகடை விழுந்த பிறகும் கேள்வி கேட்க உரிமை உண்டு. அறிவிக்க வேண்டிய இடத்தில் இருந்தவருக்குத்தான் பின்னால் பேசும் உரிமை இல்லை. அம்பத்தூர்ப் பெண்ணின் கேள்விக்கும் இதே நியாயம்தான்.

கதை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றே மூன்று. சந்தேகம் வந்தால் பகடைக்கு முன் தீர்ப்புச் சொல்லுங்கள். புத்தகம் கைக்கு அகப்படாவிட்டால் உங்கள் புத்தியைக் கொண்டு சொல்லுங்கள், பத்து விநாடிக்கு மேல் யோசிக்காதீர்கள். நம்மவருக்குச் சொன்ன விதியையே பூதத்துக்கும் மாயாவிக்கும் சொல்லுங்கள். ஒரு விதியைத் தவறாகச் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தால், விழுந்த பகடையை விழுந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த சண்டையிலிருந்து திருத்திக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் ஒரு நாவலாசிரியன் மை செலவழிக்க வேண்டுமா என்றால், வேண்டும். இந்தப் பிள்ளைகள் வாரத்தில் ஐந்தாறு நாள் எத்தனையோ விதிகளுக்குக் கட்டுப்பட்டு உழைக்கிறார்கள். அந்த விதிகளுக்கு அர்த்தம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். காரியம் முடிந்த பிறகே அர்த்தம் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கூலியின் நிபந்தனை தெரிகிறது. பணம் கட்டிய பிறகு ஒப்பந்தத்தின் பொடி எழுத்து தெரிகிறது. அதை இன்றே மாற்றிவிட நம்மால் முடியாமல் இருக்கலாம். ஆனால் தாங்களே கூடி, தாங்களே விதி செய்து, தாங்களே உருட்டுகிற ஒரு மேஜையிலும் அதே பழக்கத்தை ஒத்திகை பார்க்க வேண்டுமா? முன்னால் சொன்ன சட்டத்துக்குக் கட்டுப்படுவதும், பின்னால் வந்த சட்டத்தை எதிர்த்துக் கேட்பதும் எங்காவது ஓரிடத்தில் பழகியாக வேண்டும். விளையாட்டில் பழகாதவன் வேறெங்கே பழகப்போகிறான்?