கோடு போடுற கைக்கும் கரண்ட் வேணும்



நான் எலக்ட்ரானிக்ஸ் மாணவன். மூணு வருஷமா லேபில் எல்.இ.டி. எரியவைத்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறேன். அது எப்போது, யாருக்காக எரிய வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சென்னையில் டிசைன் படிக்கும் என் செஞ்சி நண்பன் லீவுக்கு வந்திருந்தான். நம்ம கோட்டைக் கல்யாண மகாலைத் தெர்மாகோலில் செய்தான். "இதுல லைட் போட்டுத் தர்றியாடா?" என்றான். "சொல்லித் தர்றேன், நீயே போடு" என்றேன். ஒரு எல்.டி.ஆர்., ஒரு ஆர்டுயினோ போர்டு, இருபது வரி புரோகிராம். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். கை நிழல் விழுந்தால் மாடி மாடியாக விளக்கு எரியும். "டக்குனு எரியக் கூடாதுடா. ஆள் படியேறுற வேகத்துல எரியணும்" என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை!

அந்த போர்டு பிறந்ததே டிசைன் மாணவர்களுக்காகத்தான். இத்தாலியின் இவ்ரியா நகர வடிவமைப்புப் பள்ளியில், எர்னாண்டோ பர்ராகன் என்ற மாணவர் 2003இல் தன் ஆய்வுக்காக 'வயரிங்' போர்டைத் தொடங்கினார். அதன் வழியில், மாணவர் வாங்கும் விலையில், அங்கே ஆசிரியரான மாசிமோ பான்சியும் குழுவினரும் 2005இல் ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார்கள். ஏன், நம் நாட்டில் 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் சின்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் இருந்ததே!

"டிராயிங் பசங்களுக்கு எதுக்குப் புரோகிராம்?" என்று கேட்கிறோம். நியாயமா? அவர்களுக்குச் சால்டரிங்கும் நமக்கு டிராயிங்கும் ஒரே மேசையில் சொல்லித் தரட்டும். எரியவைக்க நமக்குத் தெரியும். எப்போது எரிய வேண்டும் என்று அவர்களிடம் கேட்போம்.