பெட்டி கட்டும்போது மருந்துச் சீட்டையும் கட்டுங்கள்



சிங்கப்பூரிலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார் என்றால் நாம் முதலில் கேட்பது கோடாலித் தைலத்தைத்தான். அங்கே 1928இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் சரக்கு அது. நம் புதுக்கோட்டைச் சீமையில் அது இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வரும் மருந்தை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் நாம், இங்கிருந்து கொண்டு போகும் மருந்தைப் பற்றி மட்டும் யோசிப்பதே இல்லை. இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதனால்தான் எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தோம். இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மருமகளுக்குப் பிரசவம் தள்ளிப் போனதால் மேலும் பத்து நாள் தங்கவேண்டியதாயிற்று. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. நாம் கொண்டு போயிருந்ததோ காகிதக் கவரில் போட்ட, அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைகள். வெட்டியதில் பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. கையில் டாக்டர் சீட்டும் இல்லை.

மகன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குப் போனோம். மருந்தாளுநர் ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்க இயலாது" என்று சொல்லிவிட்டார். ஊருக்குப் போன் செய்து, மாத்திரை அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் காட்டினோம். "இது மருந்தின் படம், டாக்டர் எழுதியது அல்லவே" என்றார். நமக்குக் கோபம் வந்தது. "நாற்பது வருஷம் கடை வைத்தவனிடம் காசு இருந்தும் சரக்கு இல்லை என்கிறாளே" என்று மகனிடம் புலம்பினோம். வீம்பில் நான்கு நாள் மாத்திரையே இல்லாமல் இருந்தோம். ஐந்தாம் நாள் தலை சுற்றிக் கிளினிக்கில் உட்கார்ந்தபோது சர்க்கரை 380. நம் மாத்திரையில் இருந்த மூன்று மருந்துக் கலவை அங்கே கிடைக்கவில்லை. டாக்டர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். மொத்தச் செலவு நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை.

ஆறியபின் யோசித்துப் பார்த்தோம். அந்தப் பெண் செய்ததில் தவறு என்ன? நம் ஊரில் மருந்துக்கடைக்குப் போன் செய்தால் பையன் மாத்திரையோடு வந்து நிற்கிறான். சீட்டை யாரும் கேட்பதில்லை. அது பழக்கத்தினால் வந்த நம்பிக்கை. இரவு பத்து மணிக்கும் கடனுக்கு மருந்து தரும் அந்தக் கடைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை கடல் தாண்டிச் செல்லாது. அங்கே நமக்காகப் பேசுவது சீட்டு ஒன்றுதான்.

சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. காய்ச்சல் மாத்திரை, தைலம் போன்றவற்றைச் சாதாரணக் கடையிலேயே வாங்கலாம். இரண்டாம் வகையை மருந்தாளுநர் நம்மை விசாரித்துத் தருவார். மூன்றாம் வகைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். நம் நாட்டிலும் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 'எச்' அட்டவணை மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2014இல் 'எச் 1' என்ற கடுமையான அட்டவணையும் வந்தது. அவர்கள் சட்டப்படி நடக்கிறார்கள். நாம் முகதாட்சண்யப்படி நடக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மருந்து கிடைக்காமல் போனால் பணம்தான் நஷ்டம். கொண்டு போகக்கூடாததைக் கொண்டு போனால் மானமே போய்விடும். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை சிங்கப்பூருக்குக் கொண்டு போகலாம். ஆனால் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்ப்ரசோலம், டயசிபாம் போன்றவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி பெறவேண்டும். துபாய் பக்கம் போகிறவர்கள் டிரமடால் என்ற வலி மாத்திரைக்கும், கோடீன் கலந்த மருந்துகளுக்கும் அந்நாட்டு அரசின் அனுமதி பெறவேண்டும். டிரமடாலை நம் அரசே 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டு வந்துவிட்டது. மூட்டுவலிக்குத் தின்னும் மாத்திரைதானே என்று பையில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது தெரியுமா?

இனி நம் கடைக்கே வருவோம். சிங்கப்பூரில் மகன் கேட்டான்: "அப்பா, பெட்டியில் கசகசா ஏதும் கொண்டு வரவில்லையே?" நாம் விழித்தோம். நம் கடையில் குருமாவுக்கு விற்கும் கசகசா அபினிச் செடியின் விதை. அதனால் சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட சரக்கு. சவூதியிலும் எமிரேட்ஸிலும் அப்படியே. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அறந்தாங்கி, மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளுக்காக, மல்லி, சீரகம், சோம்போடு கசகசாவும் கட்டிக் கொடுத்தது எத்தனை முறை! "எங்கே கொண்டு போகிறாய், தம்பி?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாருக்கும் ஒன்றும் நேர்ந்ததாக நம் காதுக்கு வரவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டமே தவிர நம் சாமர்த்தியம் அல்ல. கடன் வாங்கி விசா எடுத்துப் போகும் ஒரு பிள்ளையின் பிழைப்பு, ஒரு நூறு கிராம் பொட்டலத்தினால் விமான நிலையத்திலேயே முடிந்துவிடலாம்.

ஆகவே நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்.

மளிகைக் கடைக்காரர்கள், "வெளிநாடு கொண்டு செல்ல கசகசா வாங்காதீர்கள்" என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். இதனால் நூறு ரூபாய் வியாபாரம் குறையலாம், குறையட்டும்.

மருந்துக்கடை நண்பர்கள், வெளியூர்ப் பயணம் என்று தெரிந்தால் அட்டையை வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள். பில்லில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நம் பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர்.

பயணம் போகிற நாம் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வோம். தங்கும் நாளுக்குமேல் பதினைந்து நாள் மருந்தைக் கூடுதலாக, விதி அனுமதிக்கும் அளவுக்குள், கைப்பையில் வைப்போம். பெயர் ஒட்டாத பொடி, லேகியம் வேண்டாம். அடுத்தவர் கொடுக்கும் மருந்துப் பொட்டலம் உறவினருடையதே ஆனாலும், சீட்டு இல்லையென்றால் மறுப்போம். மறுத்தால் மனவருத்தம் ஒரு மாதம். மறுக்காமல் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் வருத்தம்.

சங்கமும் இதை ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுக் கடைதோறும் கொடுக்கவேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போகும் ஒவ்வொரு விமானத்திலும் நம் மாவட்டத்துப் பெட்டி ஒன்றாவது இருக்கும். அந்தப் பெட்டியில் நம் கடைச் சரக்கும் இருக்கும். எடை சரியாக இருந்தால் போதும் என்று இதுவரை நினைத்திருந்தோம். அது போய்ச் சேரும் இடத்தையும் கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டுவோம்.