கடல் கடந்த ஏட்டுப் பணி

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகள் மீட்கப்பெற்ற வரலாறு அன்பர்கள் அறிந்ததே. நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, சோழ மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். புற்று மூடிய ஏடுகளை எண்ணெய் சொரிந்து எடுத்தபோது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அருட்செல்வம் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்ததால் நேர்ந்த இழப்பு அது.

பின்னாளில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பல பிரதிகளை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஆயினும் அச்சிட்ட தாளும் காலப்போக்கில் பழுத்துப் பொடிந்துவிடுகிறது.

இந்நிலையில், 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் ஒரு புதிய ஏட்டுப் பணி தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் அறிவியலாளர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய ‘மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம்’ என்பதே அது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் கருதாமல் இதில் கைகோத்தனர்.

பணிமுறை எளியது. ஓர் ஊரில் இருப்பவர் பாடல்களைக் கணினியில் தட்டச்சு செய்வார். அது இணையத்தின் வழியே வேறொரு நாட்டிலுள்ளவரைச் சென்றடையும். அவர் மூலநூலோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். ‘அரன்’ என்பதில் ஓர் எழுத்து மாறி ‘அரண்’ என்று ஆகிவிட்டால், சிவபெருமான் நிற்க வேண்டிய இடத்தில் கோட்டை மதில் வந்து நிற்கும்! ஆதலால் இரண்டாம் கண் இன்றியமையாதது. தொடக்கத்தில் ஒருவர் கணினியில் அடித்த தமிழ் மற்றொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவதும் உண்டு. ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டு முறையும், பின்னர் வந்த ஒருங்குறியும் அத்தடையை நீக்கின.

இவ்வாறு திருவாசகம், தேவாரம், திருமந்திரம், நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முதலிய நூல்கள் எவரும் கட்டணமின்றிப் பெறும் வகையில் இணையத்தில் இடம்பெற்றன. பார்வை மங்கிய முதியோரும் எழுத்தைப் பெரிதாக்கி ஓதலாம். ஒரு பிரதி அழிந்தாலும் உலகெங்கும் வேறு பிரதிகள் இருக்கும்.

திருக்கோயில் உழவாரப் பணியில், எந்த மூலையின் புல்லை எவர் செதுக்கினார் என்று எவரும் கேட்பதில்லை. பிராகாரம் தூய்மையானால் போதும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் செய்யும் இப்பணியும் அத்தகையதே.

இதில் முதியோர்க்கும் பங்குண்டு. இளமையிலேயே பதிகங்களை மனனம் செய்தவர்களின் செவி, சீர் பிறழ்ந்தால் உடனே உணரும். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளை கைப்பேசியில் படிக்க, தாத்தாவோ பாட்டியோ கேட்டுத் திருத்தலாம். நெஞ்சில் உள்ள பாடலும் ஓர் ஏடுதான். அதுவும் பூட்டிக் கிடக்கலாகாது.